கோர்ட்டுக்குப் போன புடவை

இசபெல்லா வீட்டுப் பின்பக்கம் நின்று ஊரார் புடவைகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று கல் கூட்டிய அடுப்பு, அதன்மேல் பெரிய தகர டின், டின்னுக்குள் சலவை சோடா கரைத்த தண்ணீர். மூங்கில் கழியால் அடியிலிருந்து கிளறிவிட்டால் யாரோ கட்டிய சிவப்பும் யாரோ கிழித்த பச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து பார்த்துவிட்டுக் கீழே போயின.

"இன்னாக்கா, இன்னிக்கு சாம்பாரா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து மணிமொழி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் கோழி முட்டையிடாது.

"சாம்பார்தான். கரண்டி எடுத்துக்கினு வா."

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர்கள் யாரும் அந்தத் துணியைத் துவைப்பதில்லை. மூட்டையாகக் கட்டி சேலத்தில் தள்ளிவிட்டு வருவார்கள். சின்னப்பனும் இதைப் பல தடவை சொல்லிப் பார்த்தார். இசபெல்லா கேட்கவில்லை. அடுத்தவர் அழுக்கு ஒரு பொழுதுகூடத் தன் வீட்டில் படுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அலசிப் பிழிவதோடும் விடமாட்டாள். நூல் புடவையாக இருந்தால் வடித்த கஞ்சியில் முக்கி, உதறிக் காயவைத்து, நான்காக எட்டாக மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாள். மறுநாள் எடுத்தால் கடையில் வாங்கியது போல இருக்கும்.

"ஏம்மே, இது கல்யாணத்துக்கா போவுது? மெஷின்ல போட்டு அரைக்கப் போறான்" என்பார் சின்னப்பன்.

"அரைக்கட்டும். சுத்தமா அரைக்கட்டும்."

சின்னசேலம் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் எல்லாருக்கும் சின்னப்பன் பாத்திரக்காரர்தான். தலையில் கூடை, தோளில் மூட்டை. அவர் மதுவிலக்குப் போலீஸில் ஏட்டு என்பதும், கல்வராயன் மலையடிவாரத்தில் யார் எங்கே சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதற்காகவே பாத்திரம் விற்கிறார் என்பதும் தெருவில் இசபெல்லாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. முன்பு இதே வேலைக்குப் போன ஒருவரைக் கண்டுபிடித்து, புளியமரத்தில் கட்டிவைத்துக் காலை ஒடித்திருந்தார்கள். அவர் இப்போது கடலூரில் தபால் பிரிக்கும் வேலையில் இருக்கிறார், உட்கார்ந்தபடியே.

இசபெல்லா கல்யாணத்துக்குச் சம்மதித்ததே ஒரு போட்டோவைப் பார்த்துத்தான். சின்னப்பன் தொப்பியும் பெல்ட்டுமாக, மீசையை முறுக்கி, ஸ்டுடியோக்காரர் வைத்த பூந்தொட்டியைக் கைது செய்யப் போகிறவர் போல நின்ற போட்டோ. அவள் அப்பா மணிலாக்கொட்டையும் கரும்பும் போட்ட விவசாயி. போலீஸ் மாப்பிள்ளை கிடைத்த பெருமையில் கோயிலில் அவர் முன்வரிசைக்கு நகர்ந்தார். இப்போது அந்தப் போட்டோ டிரங்குப் பெட்டிக்குள், பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கிடக்கிறது. சொந்தக்காரர்களிடம், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதால் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று சொல்லச் சொல்லி உத்தரவு. இசபெல்லாவும் சொன்னாள். சொல்லிவிட்டு மூன்று கிறிஸ்துமஸுக்குத் தலை குனிந்து பிரியாணி சாப்பிட்டாள்.

அவள் தங்கை ஜூலியாவின் கணவர் மார்ட்டின் ஸ்கூல் வாத்தியார். பண்டிகைக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, "சகலை, இந்தப் பேண்ட்டுக்கு ஒரு டிபன் கேரியர் வருமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். சின்னப்பனுக்குக் கோபம் வந்திருந்தால் இசபெல்லாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ குனிந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"முட்டி தேஞ்சி போச்சு சகலை. ஒரு டபரா தரலாம்."

அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மனிதர் நடிக்கிறாரா, இல்லை நிஜமாகவே பாத்திரக்காரராகிவிட்டாரா?

மலைப்பக்கத்தில் அவர் பெயர் கந்தசாமி. சின்னசேலத்தைத் தாண்டியதும் ஒரு பைப்படியில் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொள்வார், திரும்பும்போது அதே பைப்படியில் அழித்துவிட்டு வருவார். திருநீற்றுப் பொட்டலம் வீட்டில் இயேசு படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு தடவை அழிக்க மறந்து, நேராகப் பூசைக்கு வந்து, நற்கருணை அப்பம் வாங்க நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். சாமியார் நெற்றியைப் பார்த்தார், இசபெல்லாவைப் பார்த்தார். "சாம்பல் புதன் போய் ரொம்ப நாளாச்சேப்பா" என்றார். அன்று இசபெல்லா ஜெபமாலையை உருட்டினாளே தவிர ஒரு மந்திரமும் நினைவுக்கு வரவில்லை.

இப்படிப் பாத்திரம் விற்றுக்கொண்டே கண்டுபிடித்த ஆள்தான் சுப்புராயன். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் நிலமும் கிணறும் உள்ள ஆள். ஓடைக்கு மேலே பேரல் பேரலாக ஊறல் போட்டிருந்தார். சின்னப்பன் கண்ணால் பார்த்துச் சொல்ல, போலீஸ் போய் உடைத்தது. கோர்ட்டுக்கு வந்ததும் ஊர்ச் சாட்சிகள் வரிசையாக, நாங்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது சின்னப்பன் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் தீனதயாளன் ஒரு நாள் மாறுவேடத்தில் வீட்டுக்கு வந்தார். வேட்டி, துண்டு, கீழே பளபளவென்று பாலிஷ் போட்ட சிவப்பு பூட்ஸ்.

"பயப்படாதம்மா. மாஜிஸ்திரேட் ஒத்துக்கினாரு. பேர் சொல்ல மாட்டோம், மூணாம் சாட்சி, அவ்ளோதான். முகமும் தெரியாது. ஆஸ்பத்திரியில இருக்குமே, அந்த மாதிரி மறைப்பு விழுப்புரத்துலேர்ந்து வருது. குரல்கூட வெளிய வராது, மெதுவா சொன்னா கிளார்க் சத்தமா திருப்பிச் சொல்லுவாரு. வேடிக்கை பாக்க யார் வேணா கோர்ட்டுக்கு வரலாம், நீ மட்டும் வந்துடாத. கேஸ் முடிஞ்சி இன்னும் ஒரே ஒரு வேலை. பொங்கலுக்கு உங்க வூட்டுக்காரரு யூனிபார்ம் போட்டுக்கலாம்."

யூனிபார்ம் என்ற வார்த்தை இசபெல்லாவின் காதில் தேனாக விழுந்தது. மார்ட்டின் முகம் எப்படிப் போகும் என்று அவள் அங்கேயே ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

அவர் போனதும் மணிமொழி வந்தாள். "யாருக்கா அது, பூட்ஸ் மாமா?"

"எங்க சித்தப்பா புள்ள. பஸ் கண்டக்டரு."

"பஸ்ஸு இன்னா சேத்துலயா போவுது?"

அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்து, வட மாவட்டங்களில் சாலைக்குச் சாலை மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியல் முடிந்த பிறகும் மரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. போலீஸ்காரர்கள் எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். விழுப்புரத்திலிருந்து கிளம்பிய மறைப்பு, வேனோடு நடுவழியில் ஏதோ ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. சின்னப்பனை முதல்நாள் பொழுது சாயும்போதே கூட்டிக்கொண்டுபோய்க் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் பழைய கேஸ் கட்டுகள் வைக்கும் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். காலையில் இளஞ்செழியன் என்ற இளம் போலீஸ்காரன், மரம் வந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சின்னசேலத்துக்கு வந்து சேர்ந்தான்.

"அக்கா, பெரிய துணியா ஒண்ணு வேணும். கடைங்க எதுவும் தொறக்கல. சின்னப்பன் வூட்ல துணிக்கா பஞ்சம்னு அய்யா அனுப்புனாரு. போர்வை, ஜமுக்காளம் எதுனா குடுங்க."

ஜமுக்காளத்தில் எலி கடித்த ஓட்டை இருந்தது. போர்வை சாயம் போனது. மாஜிஸ்திரேட் பார்க்கப் போகிற துணி, சர்க்கார் காரியம். இவள் வீட்டுத் துணி இப்படியா இருக்கும் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. இசபெல்லா டிரங்குப் பெட்டியை நகர்த்தி, அடியில் மடிப்புக் கலையாமல் இருந்ததில் ஆகச் சிறந்ததை எடுத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட நூல் புடவை. கஞ்சி நன்றாக ஏறி, பலகை போல நின்றது.

"இது போதுமா தம்பி?"

"அக்கா, இதைக் கட்டிக்கினு நீங்களே கோர்ட்டுக்குப் போலாம் போல."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அவன் சைக்கிள் திரும்பியதும் இசபெல்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வருஷமாக அவர் போலீஸாக இருந்து அவள் பார்த்ததில்லை. இன்று ஒரு நாள், முகம் தெரியாவிட்டால் என்ன, காதால் கேட்கலாமே? போகக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. வேடிக்கை பார்க்க யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்கு வரலாம் என்று அதே இன்ஸ்பெக்டர் சொன்னதும் நினைவிருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ்ஸில் போய் இறங்கி, கிளைகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற இன்னொரு பஸ்ஸில் ஏறிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தாள்.

கோர்ட்டில் ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடிக்குக் கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றுக்கு அசையக்கூட இல்லை. இசபெல்லா பின்பக்கப் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். கூண்டில் சுப்புராயன் வெள்ளை வேட்டியும் மடிப்புச் சட்டையுமாக, பெண் பார்க்க வந்தவர் போல நின்றார்.

புடவைக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பு வரும். கிளார்க் நாராயணசாமி காதைக் கொடுத்துக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்வார்.

"ஊறல் இருந்த இடத்துக்கு எப்படிப் போனீங்க?" என்று சுப்புராயனின் வக்கீல் கேட்டார்.

"நடந்து என்கிறார்."

"எதுக்குப் போனீங்க?"

"வெளிக்குப் போனேன் என்கிறார்."

"பேரல்ல இருந்தது சாராய ஊறல்னு எப்படித் தெரியும்? வெல்லத் தண்ணியா இருக்கலாமே?"

"அதுல விழுந்த காக்கா நேராப் பறக்கல என்கிறார்."

கோர்ட் சிரித்தது. உள்ளேயிருந்து ஒரு தும்மல்.

"தும்முகிறார்" என்றார் நாராயணசாமி.

"அதெல்லாம் சொல்ல வேணாம்" என்றார் மாஜிஸ்திரேட்.

இசபெல்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன தைரியம், என்ன பதில்! இதை ஜூலியாவிடம் சொல்ல முடியவில்லையே என்று வாய் அரித்தது. அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், யாரிடம் என்றில்லாமல், சொன்னாள்:

"அது என்னோட புடவை."

இசபெல்லா திரும்பவில்லை. "ஊர்ல ஒரே மாதிரி எத்தினியோ புடவை இருக்குதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"இருக்கும். கரையோரம் பச்சை நூல்ல இழையோட்டுன புடவை எத்தினி இருக்கும்? அடுப்புப் பொறி பட்டுச்சு, மஞ்சள் நூல் இல்ல, பச்சையில தெச்சேன். தோ, ஜன்னல் பக்கம் பாரு."

பச்சை நூல் அங்கே இருந்தது. இசபெல்லா அதைத் துவைக்கும்போதே பார்த்திருந்தாள். தையல் நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்திருந்தாள்.

"நீங்க யாருக்கா?"

"கூண்டுல நிக்கிறாரே, அவரு சம்சாரம். சின்னப்பொண்ணு." அவள் கண் புடவையை விட்டு நகரவில்லை. "இத நான் பாத்திரக்கார கந்தசாமிகிட்டல்ல போட்டேன்? அவன்கிட்ட இருந்தது இங்க எப்படி…" புடவைக்குப் பின்னால் முணுமுணுப்பு வந்த பக்கம் காதைத் திருப்பினாள். அப்புறம் முகம் சிவந்தது. "பாவி! நைஞ்சி போச்சு, இதுக்குக் குண்டான் குடுக்கறதே ஜாஸ்தி, மூடி வராதுன்னு சத்தியம் பண்ணானே! கோர்ட்ல மாட்டுற அளவுக்கு இருக்குது, இதுவா நைஞ்ச துணி? பாரு, எப்படி நிக்குதுன்னு!"

"கஞ்சி போட்டா எந்தத் துணியும் நிக்கும்" என்றாள் இசபெல்லா.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். தன் கைவேலையை யாராவது துணியின் பெருமையாகச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது, அது பிறவிக் குணம்.

சின்னப்பொண்ணு இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எம் பொண்டாட்டி ஊரான் அழுக்கைக்கூட விடமாட்டா, கஞ்சி போட்டு மடிச்சாத்தான் தூக்கம் வரும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் அந்த ஆளு. நீதானா?"

மலையடிவாரம்வரை தன் புகழ் போயிருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, பேரை மறைத்த மனிதர் பெண்டாட்டியை மறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வதா என்று இசபெல்லாவுக்குத் தெரியவில்லை.

"ஓடைக்கு மேல போயிருக்காரு, சாயங்காலந்தான் வருவாருன்னு நான்தான் அவன்கிட்ட…" என்று ஆரம்பித்த சின்னப்பொண்ணு கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கூண்டிலிருந்து சுப்புராயன் திரும்பி, என்ன என்று புருவத்தால் கேட்டார். சின்னப்பொண்ணு பொத்திய கையை எடுத்துக் கன்னத்தில் பட்டென்று அடித்து, "கொசு" என்றாள்.

கேஸுக்கு வாய்தா போட்டார்கள். சுப்புராயன் ஜாமீனில் இருந்ததால் பெண்டாட்டியோடு வீட்டுக்குப் போனார். இளஞ்செழியன் புடவையை அவிழ்த்துச் சுருட்டினான். அந்தச் சுருட்டலைப் பார்க்கச் சகிக்காமல் இசபெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னப்பன் வீட்டுக்கு வந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். "ஒரு ஈ காக்காய்க்குத் தெரியல. சுப்புராயன் புடவையையே மொறச்சிப் பாத்தான், ஒண்ணும் ஆவல. எடுத்துக் குடுத்தியே, சூப்பர் துணிம்மே!"

"அது எந்த ஊர்ல வாங்குனதுன்னு ஞாபகம் இருக்குதா?"

"ஆயிரம் துணி வருது, யாருக்கு ஞாபகம்? திங்கக்கிழமை மொத வேலையா சுப்புராயன் ஊருக்குப் போவணும். இப்பப் போய் நிறுத்துனா சந்தேகம் வரும். தீபாவளி வேற வருது, பொம்பளைங்க துணி சேத்து வெச்சிக்கினு இருப்பாங்க."

"கால் வலிக்குதுன்னீங்களே."

"எப்ப?"

"வலிக்கும். வயசாவுது."

அவர் சிரித்துக்கொண்டே கூடையில் தாம்பாளங்களை அடுக்கினார். நடந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் இன்ஸ்பெக்டருக்குப் போகும். அந்தப் பக்கம் இனி வேலையில்லை, பொங்கல் யூனிபார்மும் இல்லை, கெடுத்தவள் பெண்டாட்டி. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவரும் அப்படி ஒரு புளியமரத்தடியில் கூடையை இறக்குவார். இசபெல்லா இரண்டையும் மாற்றி மாற்றித் துவைத்துப் பார்த்தாள். இரண்டிலும் கறை போகவில்லை.

சனிக்கிழமை சின்னப்பன் மூட்டையோடு சேலத்துக்குப் போயிருந்தார். வாசலில் மணிமொழியின் குரல் கேட்டது: "பாத்திரக்காரர் வூடுதானே, இதான். அக்கா, உன்னைத் தேடிக்கினு வந்திருக்காங்க!"

சின்னப்பொண்ணு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, இயேசு படத்தைப் பார்த்தாள். "ரயிலடித் தெருன்னு அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. கந்தசாமின்னு பேரு, சாமி வேறயா" என்றாள். இசபெல்லா காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

"எங்க வூட்ல உக்காந்து சாப்ட்டாரு உங்க ஆளு. கேவுரு களியும் கருவாட்டுக் கொழம்பும்."

"கருவாடா? வாசனையே ஆவாதுன்னு என்கிட்ட மூஞ்ச சுளிப்பாரே!"

"எனக்குத் தெரியாதும்மா. ரெண்டாவது தபா கேட்டு வாங்குனாரு."

இசபெல்லாவுக்கு ஒரு நிமிஷம் புளியமரமெல்லாம் மறந்துபோனது. அவள் கருவாட்டுக் குழம்பு வைப்பதையே விட்டு எத்தனை வருஷம்!

"புடவை போலீஸ்கிட்ட இருக்குதுக்கா. அதுக்குப் பதிலா என்னுது ஒண்ணு தர்றேன்" என்று பெட்டியைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த மெல்லிய வாயில் துணிப் புடவையை நீட்டினாள்.

சின்னப்பொண்ணு அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள், சின்னப்பன் தேய்ப்பது போலவே. "நைஞ்சி போச்சேம்மா. இதுக்கு மூடி வராதே" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் சின்னப்பொண்ணு புடவையைப் பாயில் போட்டாள்.

"எவன் காட்டிக் குடுத்தான்னு எங்க வூட்ல தெனம் அதே பேச்சு" என்றாள் சின்னப்பொண்ணு. "பேரல் தூக்குற வேடியப்பன்தான்னு எங்க வூட்டுக்காரரு முடிவு கட்டிக்கினாரு. அவன் வாயில்லாத ஆளு. ஓடைய காட்டுனதே நான்தான்னு தெரிஞ்சா என்னை வுட்டு வெப்பாரா? சொல்லலன்னா வேடியப்பனுக்கு ஒதை. அவரு ஜெயிலுக்குப் போனா நான் நிம்மதியா தூங்குவேன், அது வேற. ஆனா நான் சோறு போட்ட ஆளு இப்படிப் பண்ணலாமா, சொல்லு?"

 சர்க்கார் உத்தியோகம் என்று இசபெல்லா சொல்லலாம்; கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் அது நிற்காது.

"அவரு திங்கக்கிழமை உங்க ஊருக்கு வர்றாருக்கா" என்றாள்.  பெட்டியை மூடிவிட்டுக் கேட்டாள். "வரலாமாக்கா?"

சின்னப்பொண்ணு காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அந்தப் புடவையை எடுத்து, நான்காக மடித்து, பாயின் மேலேயே வைத்தாள். பிறகு எழுந்து, "வந்தா அந்த மூடியையும் எடுத்துக்கினு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, நிலைக்குத் தலையைக் குனிந்து, வெளியே போனாள்.